கோழிக்கோட்டில் எங்க சாப்பிடுறது? ரேட்டிங்குக்குப் பதிலா மூணு கேள்வி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக சில இடங்களைச் சுருக்கியிருக்கோம்.)

இந்த எபிசோட் சாப்பாடு பத்தி. ஆனா "இந்தப் பத்து கடையை மிஸ் பண்ணாதீங்க" டைப் எபிசோட் இல்ல. அந்த மாதிரி லிஸ்ட் ரீல்ஸ்ல ஏற்கெனவே ஆயிரம் இருக்கு. நான் பேசப்போறது அதுக்கு ஒரு படி முன்னாடி. முன்பின் தெரியாத ஒரு கடலோர ஊருக்குப் போறோம், ரெண்டு மூணு நாள்தான் கையில இருக்கு. எங்க சாப்பிடணும், என்ன சாப்பிடணும்னு எப்படி முடிவு பண்றது?

உதாரணத்துக்கு கோழிக்கோடு. ஜூலை மூணாவது வாரம் நானும் ஒரு ஃப்ரெண்டும் சென்னையிலிருந்து மங்களூர் மெயில் பிடிச்சுப் போயிருந்தோம். செம மழை. பீச்ல நடக்கவே முடியல. அதனால மூணு நாளும் செஞ்ச ஒரே உருப்படியான வேலை சாப்பிட்டதும், சாப்பாடு போட்டவங்ககிட்ட பேசினதும்தான். அதுல கத்துக்கிட்டதை மூணு கேள்வியா சுருக்கி வெச்சிருக்கேன். தூத்துக்குடி போனாலும் நாகப்பட்டினம் போனாலும் இதே கேள்விகள் வேலை செய்யும்.

ரேட்டிங் எதைச் சொல்லாது

முதல்ல, மேப்பைத் திறந்து ஸ்டாரைப் பாத்து முடிவு பண்ணா என்ன தப்பு? பெரிய தப்பு ஒண்ணும் இல்ல. அந்த நம்பர் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சுட்டுப் பாக்கணும், அவ்வளவுதான்.

ஒரு ஹோட்டலுக்கு இருபதாயிரம் ரிவ்யூ இருக்கு, 4.3 ஸ்டார். பக்கத்துத் தெருவுல ஒரு சின்ன ஊண் கடை, நாப்பது ரிவ்யூ, 4.1 ஸ்டார். நம்ம விரல் தானா முதல் கடைக்குப் போகும். நாமளும் சாப்பிட்டுட்டு ஒரு ரிவ்யூ போடுவோம், இருபதாயிரத்து ஒண்ணு ஆகும். அடுத்து வர்றவர் அதைப் பாத்து வருவார். நிறைய லிங்க் இருக்கிற பக்கத்துக்கே புது லிங்க்கும் சேருற மாதிரிதான் இது. முதல்ல யாரு முந்தினாங்களோ அவங்க முந்திக்கிட்டே இருப்பாங்க.

இன்னொண்ணு, ரிவ்யூ எழுதுறது யாரு? பெரும்பாலும் வெளியூர்க்காரங்க. அந்த ஊண் கடையில தினமும் மதியம் அதே அறுபது பேர் சாப்பிடுறாங்கன்னு வெச்சுக்கங்க. லோடு இறக்குறவங்க, கடைச் சிப்பந்திங்க, பேங்க் ஊழியருங்க. அவங்க யாரும் ரிவ்யூ போடமாட்டாங்க. தினம் சாப்பிடுற வீட்டுக்கு யாராவது ஸ்டார் குடுப்பாங்களா?

புகழ்பெற்ற கடைன்னாலே மோசம்னு நான் சொல்லல. கோழிக்கோட்டின் பாரகன் 1939-ல பேக்கரியா தொடங்கின இடம். டேஸ்ட் அட்லஸ் 2023-ல வெளியிட்ட உலகின் புகழ்பெற்ற உணவகங்கள் பட்டியல்ல பதினொண்ணாவது இடம், அதுவும் பிரியாணிக்காக. ரஹ்மத் ஹோட்டல் பீஃப் பிரியாணிக்கு ஊரே சாட்சி. ரெண்டும் அந்தப் பேருக்குத் தகுதியான கடைகள்தான், தாராளமா போங்க. ஆனா ரெண்டு வேளையை அங்க முடிச்சிட்டு ஊரைத் தெரிஞ்சுக்கிட்டோம்னு திரும்பிடாதீங்க. மிச்சம் இருக்கிற வேளைகளுக்குத்தான் இந்தக் கேள்விகள்.

கேள்வி 1: நீங்க இன்னைக்கு எங்க சாப்பிட்டீங்க?

ஆட்டோ ஏறினதும் எல்லாரும் கேக்குறது, "அண்ணா, இங்க நல்ல ஹோட்டல் எது?" இதுக்கு எந்த ஊர்லயும் ஒரே மாதிரி பதில்தான் வரும். விருந்தாளிக்குச் சொல்ல வேண்டிய பெரிய பேர் ஒண்ணைச் சொல்லுவாங்க. அவங்க மேல குறை இல்ல, நாம கேட்டதே "எது ஃபேமஸ்"னு.

அதையே கொஞ்சம் மாத்தி, "நீங்க இன்னைக்கு மதியம் எங்க சாப்பிட்டீங்க?"னு கேளுங்க. இது கருத்து இல்ல, தகவல். யோசிக்காம பதில் வரும். எங்க ஆட்டோக்காரர் கண்ணாடியில எங்களை ஒரு பார்வை பாத்துட்டு, வலியங்காடி பக்கம் ஒரு சந்தைச் சொன்னார். "போர்டு உண்டாவில்ல கேட்டோ"ன்னு எச்சரிக்கை வேற. வலியங்காடின்னா பெரிய அங்காடி. அரிசி, மிளகு, மளிகை மொத்த வியாபாரம் நடக்கிற பழைய பஜார். அங்க ஆறு பெஞ்சு, ஒரு கரும்பலகை. சோறு, மீன் கறி, ஒரு தோரன், பப்படம், மோர். பொரிச்ச மீன் தனிக் காசு, அதுக்குப் பேரு ஸ்பெஷல். அந்த மூணு நாள்ல நான் சாப்பிட்டதுல மறக்காத சாப்பாடு அதுதான்.

கூப்பிடுற விதத்தைப் பத்தியும் ஒரு வார்த்தை. கேரளான்னாலே "சேட்டா"ன்னு பழகியிருப்போம். மலபார் பக்கம் "ஏட்டா"தான் அதிகம் காதுல விழும். முஸ்லிம் பெரியவர்னா "இக்கா". "சோறு பெய்ச்சா?"ன்னு யாராவது கேட்டா பயப்படாதீங்க, சாப்டாச்சான்னு விசாரிக்கிறாங்க. மலையாளம் தெரியலன்னா மெதுவா தமிழ்லயே பேசுங்க, பாதிக்கு மேல புரிஞ்சுடும்.

காத்து கொண்டுவந்த சமையல்

ரெண்டாவது கேள்விக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வரலாறு. இது தெரிஞ்சா மெனு கார்டு வேற மாதிரி தெரியும்.

கோழிக்கோடு சாமூதிரி ராஜாக்களின் துறைமுகம். 1498-ல வாஸ்கோ ட காமா பக்கத்துல காப்பாடு கரைக்கு வந்தார்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். அவருக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே அரபு வியாபாரிங்க இங்க வந்துட்டிருந்தாங்க. பாய்மரக் கப்பல் காலத்துல தென்மேற்குப் பருவக்காத்து அவங்களை இந்தக் கரைக்குக் கொண்டுவரும். திரும்பிப் போகணும்னா காத்து எதிர்த்திசைக்கு மாறணும். அதுவரைக்கும் மாசக்கணக்கா இங்கதான் தங்கணும். தங்கினாங்க, இங்கேயே கல்யாணம் பண்ணாங்க, குடும்பம் ஆச்சு. அந்தக் குடும்பங்களோட அடுப்புல அரபு நாட்டு இறைச்சிச் சமையலும், மலபார் அரிசியும் தேங்காயும் மிளகும் ஒண்ணா சேந்துச்சு. மாப்பிளச் சமையலோட அடித்தளம் இதுதான்.

குற்றிச்சிறன்னு ஒரு பகுதி இருக்கு, நேரம் இருந்தா ஒரு நடை நடந்துட்டு வாங்க. குளத்தங்கரையில மிஷ்கால் பள்ளி, பதினாலாம் நூற்றாண்டு மசூதி. மினாரெட் கிடையாது. அடுக்கடுக்கான ஓட்டுக்கூரை, மர வேலைப்பாடு, பாத்தா கேரளக் கோயில் மாதிரி இருக்கும். 1510-ல போர்ச்சுகீசியர் தீ வெச்ச மசூதி அது. சுத்தி பழைய தறவாட்டு வீடுங்க. இங்க கோயா குடும்பங்கள்ல தாய்வழி முறை. கல்யாணம் ஆனா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வருவார். அந்தப் புதியாப்ளவுக்குப் பண்ற உபசாரம் இருக்கே, அதுலதான் பாதி பலகாரம் பொறந்திருக்கு. நேந்திரம்பழத்துக்குள்ள தேங்காய்ப்பூரணம் வெச்சுப் பொரிக்கிற உன்னக்காய, அடுக்கடுக்கா வேகவெக்கிற சட்டிப்பத்திரி, முட்டை மஞ்சக்கருவை நூல் நூலா சர்க்கரைப்பாகுல விடுற முட்டமால. இந்தக் கடைசி ஐட்டத்துக்குப் போர்ச்சுகல்ல அச்சு அசலா ஒரு சொந்தக்காரன் இருக்கான்.

இதிலிருந்து நமக்கு என்ன பயன்? இது அடிப்படையில வீட்டுச் சமையல். ஹோட்டலுக்கு வந்தது பின்னாடிதான். அதனால எல்லாம் எல்லா நேரமும் கிடைக்காது. ஏசி ஹால்ல ராத்திரி பத்து மணிக்கு முட்டமால தேடினா, கிடைச்சாலும் காலையில செஞ்சதாத்தான் இருக்கும்.

கேள்வி 2: இது எப்போ இறக்குவீங்க?

மலபார் பிரியாணியை எடுத்துக்கங்க. அரிசி பாஸ்மதி இல்ல. கைமா, ஜீரகசாலான்னு சொல்ற சின்ன அரிசி. திண்டுக்கல் பிரியாணியில வர்ற சீரகச் சம்பாவோட ஒண்ணுவிட்ட தம்பின்னு வெச்சுக்கலாம். வயநாடு ஜீரகசாலாவுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. ஆனா ஹோட்டல் அண்டாவுக்குள்ள போற கைமா பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து வர்றது.

செய்முறையிலும் நம்ம ஊருக்கும் அதுக்கும் வித்தியாசம் இருக்கு. நம்ம பக்கம் பல இடத்துல மசாலாத் தண்ணியிலேயே அரிசியை வேகவெப்போம், சோறே காரமா, நிறமா இருக்கும். இங்க இறைச்சி மசாலா தனி, நெய்ச்சோறு தனி. ரெண்டையும் அடுக்கா போட்டு, நெய்யில பொரிச்ச வெங்காயம், முந்திரி, திராட்சை தூவி, மூடியை மாவால ஒட்டி, மேலயும் கீழயும் கனல் போட்டு தம்ல வெக்கிறாங்க. காரம் மிளகாய்த்தூள்ல இருந்து வர்றதில்ல, பச்சைமிளகாய்ல இருந்து. முதல் வாய்ல "என்னடா இது, உறைப்பே இல்ல"ன்னு தோணும். மூணாவது வாய்ல அடியில இருக்கிற மசாலா வந்து சேரும். தட்டுல எல்லாத்தையும் பிசைஞ்சுடாம ஓரத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுங்க.

தம் பிரியாணி அண்டா கணக்கு. மூடியைத் திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் அதோட உச்சம். அப்புறம் ஆவி போயிட்டே இருக்கும், அரிசி உடைஞ்சுட்டே இருக்கும். அதனால "எது ஸ்பெஷல்?"னு கேக்காம "எப்போ தம் உடைப்பீங்க?"ன்னு கேளுங்க. பன்னிரண்டரைன்னு சொன்னா பன்னிரண்டரைக்குப் போய் நில்லுங்க. அதே கடை, அதே சமையல்காரர், அதே அண்டா. பன்னிரண்டரைக்கு ஒரு பிரியாணி, நாலு மணிக்கு வேற பிரியாணி. ஸ்டார் ரேட்டிங்ல இந்த ரெண்டும் ஒரே நம்பரா கலந்துபோச்சு.

இதே கணக்கை நாள் முழுக்கப் போடலாம். காலையில புட்டு, கடலக்கறி, இல்லன்னா பத்திரியும் கறியும். சைவம் சாப்பிடுறவங்களுக்குக் காலை நேரம்தான் பெஸ்ட். சாயங்காலம் நாலரைக்கு டீக்கடைக் கண்ணாடி அலமாரி நிறையும். இதுக்கு இங்க எண்ணக்கடின்னு பேரு, எண்ணெயில பொரிச்ச கடி. பழம்பொரி, உன்னக்காய, அரிமாவு அடைச்சுப் பொரிச்ச கல்லும்மக்காய். எண்ணெய்ச்சட்டியிலிருந்து நேரா பேப்பருக்கு வந்தாத்தான் அதுக்கு மரியாதை. கூட ஒரு சுலைமானி, அதாவது எலுமிச்சை பிழிஞ்ச கட்டன்சாயா. நோன்பு மாசத்துல போறவங்க ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. பல கடைங்க பகல்ல மூடியிருக்கும். ஆனா மஃரிபுக்குப் பிறகு ஊரே சமையலறை ஆயிடும்.

கேள்வி 3: இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?

இதுதான் முக்கியமான கேள்வி. கொஞ்சம் நிதானமா போவோம்.

கேரளக் கடல்ல வருஷா வருஷம் ஜூன் 9 நள்ளிரவுல தொடங்கி ஜூலை 31 வரைக்கும் 52 நாள் இழுவைப்படகுகளுக்குத் தடை. பல மீன்கள் முட்டையிடுற பருவம் அது. சின்ன வள்ளத்துல போற பாரம்பரிய மீனவர்களுக்குத் தடை இல்ல, ஆனா மழைக்கடல்ல அவங்களாலயும் தினம் போக முடியாது. நம்ம கிழக்குக் கரையில தடைக்காலம் வேற: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள்.

நாங்க போனது ஜூலை. புதியாப்ப, பேப்பூர் துறைமுகங்கள்ல பெரிய படகெல்லாம் கட்டிக்கிடக்குது. ஆனா ஊருக்குள்ள மெனு கார்டுல அயக்கூற, ஆவோலி எல்லாம் வழக்கம்போல இருக்கு. அயக்கூறன்னா நம்ம வஞ்சிரம், ஆவோலின்னா வவ்வால். படகு போகாம மீன் எங்கிருந்து வருது? ஒரு கடையில பரிமாறுற ஏட்டன்கிட்ட கேட்டேன். மறைக்கவே இல்ல. "இது ஐஸ். வெளியிலிருந்து வர்றது. இன்னைக்கு வள்ளத்துல வந்ததுன்னா மத்தியும் நத்தோலியும்தான், அதைச் சாப்பிடுங்க"ன்னார். மத்தின்னா சாளை, நத்தோலின்னா நெத்திலி. மிளகாய் மசாலா தடவி தேங்காயெண்ணெய்ல மொறுமொறுன்னு பொரிச்ச மத்தி வந்துச்சு. வஞ்சிரத்தை நாங்க மறந்தே போயிட்டோம். பில்லும் பாதியா குறைஞ்சுது.

ஐஸ் மீன்னாலே கெட்ட மீன்னு இல்ல. ஒழுங்கா ஐஸ் வெச்சா மீன் நல்லாவே இருக்கும். சிக்கல், தூரம் கூடக்கூட ஐஸுக்குப் பதிலா வேற எதையாவது சேர்க்குற ஆசை வர்றதுதான். 2018 ஜூன்ல, இதே தடைக்காலத்துல, கேரள உணவுப் பாதுகாப்புத் துறை "ஆபரேஷன் சாகர் ராணி"ங்கிற பேர்ல செக்போஸ்ட்ல சோதனை போட்டு, ஃபார்மலின் கலந்த மீனை ஆயிரக்கணக்கான கிலோ பிடிச்சாங்க. ஃபார்மலின் பிணங்களைப் பதப்படுத்துற ரசாயனம். கொச்சியில இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் இதை நிமிஷத்துல கண்டுபிடிக்க ஒரு பேப்பர் டெஸ்ட் கிட்டே உருவாக்கியிருக்கு. கடலே இல்லாத மாசத்திலும் அதே நாலு மீன் வேணும்னு நாம கேக்கும்போது, அந்த நீண்ட சப்ளை செயினை இழுத்துவிடுறது நம்ம ஆர்டர்தான்.

இப்போ மத்தி கதை. மலபார்ல மத்தி ஏழை பாழையின் மீன். தினம் சாப்பிடுறது, மலிவு, சத்து. 2012-ல கேரளாவுல கிட்டத்தட்ட 3.9 லட்சம் டன் மத்தி கரைக்கு வந்துச்சு. 2021-ல எவ்வளவு தெரியுமா? 3,297 டன். கொச்சி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு இது. நூறு கூடை வந்த இடத்துல ஒரு கூடைகூட இல்ல. எல் நினோவால கடலோட சூழ்நிலை மாறினது ஒரு காரணம், அளவுக்கு மீறிப் பிடிச்சது இன்னொரு காரணம்னு விஞ்ஞானிகள் சொல்றாங்க. பிற்பாடு வரத்து மீண்டு ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது நல்ல செய்தி. ஆனாலும் 2024 தடைக்காலத்துல மத்தி கிலோ 300 ரூபாய்க்கு மேல போச்சு. தினக்கூலிக்காரர் வீட்டு மீன் அது.

கேரளாவுல மீனுக்குக் குறைந்தபட்ச அளவுச் சட்டம் இருக்கு. மத்தின்னா 10 சென்டிமீட்டர், அயிலைன்னா 14 சென்டிமீட்டர். அதுக்குச் சின்னதைப் பிடிக்கக் கூடாது. ஏடிஎம் கார்டு எட்டரை சென்டிமீட்டர் நீளம். தலையோட இருக்கிற மத்தி உங்க கார்டைவிடச் சின்னதா இருந்தா, அது இன்னும் ஒரு தடவைகூட முட்டை போடாத குஞ்சு. அந்தத் தட்டை நாம ஆர்டர் பண்ணாம இருக்கலாம். இது நம்ம கையில இருக்கிற விஷயம்.

ஆக, "என்ன மீன் வந்துச்சு?"ன்னு கேக்குறது ருசிக்காக மட்டும் இல்ல. அன்னைக்கு வந்ததைச் சாப்பிட்டா நமக்கு ருசி, கடைக்காரருக்கு நேர்மையா சொல்ல ஒரு வாய்ப்பு, வள்ளத்துக்காரருக்கு விலை, கடலுக்குக் கொஞ்சம் மூச்சு.

கிளம்புறதுக்கு முன்னாடி

அல்வா வாங்காம யாரும் திரும்புறதில்ல. மிட்டாய்த்தெருவை எஸ்.எம். ஸ்ட்ரீட்னும் சொல்லுவாங்க, ஸ்வீட்மீட் ஸ்ட்ரீட்டோட சுருக்கம். வெள்ளைக்காரங்க அல்வாவைப் பாத்து வெச்ச பேர். எஸ்.கே. பொற்றெக்காட் இந்தத் தெருவை வெச்சு ஒரு நாவலே எழுதியிருக்கார். நம்ம திருநெல்வேலி அல்வா கோதுமைப்பால், நெய், சூடா இலையில வழுக்கிட்டு ஓடும். கோழிக்கோடு அல்வா தேங்காயெண்ணெய்ல கிண்டி, கட்டியா ஆறவெச்சு, கத்தியால துண்டு போடுறது. ஜெல்லி மாதிரி பளபளன்னு கலர் கலரா அடுக்கியிருக்கும். வெல்லம் போட்ட கருப்பு அல்வாவை ஒரு துண்டு கேட்டு ருசி பாத்துட்டு வாங்குங்க. யாரும் முகம் சுளிக்கமாட்டாங்க.

இந்த ஊர்ல எனக்குப் ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு, எந்த மெனுவிலும் இல்லாதது. 2015 வாக்கில மாவட்ட நிர்வாகமும் ஓட்டல்காரங்க சங்கமும் சேர்ந்து "ஆபரேஷன் சுலைமானி"ன்னு ஒரு திட்டம் தொடங்கினாங்க. காசில்லாதவங்க ஒரு கூப்பன் வாங்கிட்டு, திட்டத்துல சேர்ந்திருக்கிற ஹோட்டலுக்குப் போய் மத்தவங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்னு ஏற்பாடு பண்ணாங்க. தனி வரிசை கிடையாது, விசாரணை கிடையாது. ஹோட்டல்ல வெச்சிருக்கிற உண்டியல்ல சாப்பிட வந்தவங்க போட்ட காசுதான் இதுக்கு ஆதாரமா இருந்துச்சு. சமையல் எவ்வளவு நல்லா இருந்தாலும், பக்கத்து பெஞ்சுல யாருக்கு இடம் இருக்குங்கிறதையும் சேத்துத்தான் ஒரு ஊரோட சாப்பாட்டை எடைபோடணும்னு நான் நினைக்கிறேன்.

சுருக்கமா சொல்லிடுறேன். எங்க சாப்பிடணும்னு தெரியணுமா? "நீங்க இன்னைக்கு எங்க சாப்பிட்டீங்க?" எப்போ போகணும்? "எப்போ இறக்குவீங்க?" என்ன ஆர்டர் பண்ணணும்? "இன்னைக்கு என்ன வந்துச்சு?" மூணுமே இன்னைய தேதிக்கான கேள்விகள், கவனிச்சீங்களா? ரேட்டிங்ல இருக்கிறது போன வருஷத்துப் பதில்.

உங்க ஊர் கடலோர ஊரா இருந்தா, நீங்க தினமும் சாப்பிடுற, யாரும் ரிவ்யூ போடாத ஒரு கடையைப் பத்தி வாய்ஸ் நோட் அனுப்புங்க. என்ன மீன், எத்தனை மணிக்குன்னு மறக்காம சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.